யாரும் எட்டிப் பார்க்காத பக்கங்கள்

விக்கிப்பீடியாவை நம்பலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். போன இதழில் இடம் போதாமல் நாலு வரியில் பதிலை முடித்திருந்தேன். ‘முழுசாகச் சொல்லுங்கள்’ என்று கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அதனால் இந்த முறை கேள்வி-பதில் முழுக்க இதைப் பற்றித்தான். அகராதி, கலைக்களஞ்சியம் போன்ற நூல்களுக்குப் பிழை திருத்துவது என் தொழிலாக இருந்தது. விக்கிப்பீடியாவிலும் பல வருடங்களாகத் தொகுத்து வருகிறேன். இரண்டு வேலையிலும் பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன்.

அம்மா, என் மாணவர்கள் கட்டுரைக்குக் கீழே விக்கிப்பீடியாவைச் சான்றாகப் போடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் மாற்றக்கூடிய ஒன்றை எப்படி ஏற்பது? ஒரேயடியாகத் தடை போட்டுவிடலாமா? – ஒரு கல்லூரி ஆசிரியை

சான்றாகப் போடுவதைத் தடுங்கள், படிப்பதைத் தடுக்காதீர்கள். ஒரு விக்கிப்பீடியா கட்டுரைக்கு இன்னொரு விக்கிப்பீடியா கட்டுரையை ஆதாரமாகக் காட்டினால் அங்கேயே ஏற்க மாட்டார்கள். அடிக்குறிப்பில் இருக்கும் நூலுக்குப் போய், அதைப் படித்து, அதைச் சான்றாகக் காட்டச் சொல்லுங்கள். அச்சுக் கலைக்களஞ்சியமாக இருந்தாலும் கல்லூரி மாணவருக்கு இதைத்தான் சொல்வோம், இல்லையா?

தடைக்குப் பதிலாக வகுப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஏதாவது ஒரு கட்டுரையைத் திறந்து, மேலே இருக்கும் ‘வரலாறு’ இணைப்பை அழுத்தச் சொல்லுங்கள். கட்டுரை பிறந்த நாளிலிருந்து நடந்த ஒவ்வொரு மாற்றமும் ஒவ்வொரு வரியாக வரும். தேதி, நேரம், மாற்றியவர் பெயர், எத்தனை பைட் (கணினியில் எழுத்தின் அளவு) கூடியது அல்லது குறைந்தது, ஏன் மாற்றினார் என்று அவர் எழுதிய சின்னக் குறிப்பு எல்லாம் இருக்கும். கூடியிருந்தால் பச்சை, குறைந்திருந்தால் சிவப்பு. எந்த இரண்டு நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். மாறிய எழுத்து மட்டும் நிறத்தோடு தெரியும்.

என் கண் முதலில் தேடுவது பூஜ்யத்தை. அளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை, குறிப்பும் எழுதவில்லை, மாற்றியவருக்குக் கணக்கும் இல்லை. அப்படி ஒரு வரி இருந்தால் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ஓர் எண்தான் மாறியிருக்கும். 1876 என்பது 1867 ஆகியிருக்கும். கெட்ட வார்த்தை எழுதிவிட்டு ஓடுகிறவரைப் பிடிக்கத் தானியங்கிகள், அதாவது ஆள் இல்லாமல் தானே வேலை செய்யும் நிரல்கள், இருக்கின்றன. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2010 முதல் அப்படி ஒன்று இரவு பகலாக வேலை செய்கிறது. பல நேரம் சில நொடியிலேயே பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். ஆனால் இரண்டு இலக்கம் இடம் மாறியதைக் கண்டுபிடிக்க, அந்த நூலைக் கையில் வைத்திருக்கிற ஓர் ஆள் வேண்டும். உங்கள் மாணவர்கள் அந்த ஆளாக ஆகலாம்.

விக்கிப்பீடியாவும் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியமும் கிட்டத்தட்ட ஒரே தரம் என்று ஓர் ஆய்வு நிரூபித்துவிட்டதாமே? – ஒரு வாசகர்

‘நேச்சர்’ என்ற அறிவியல் இதழ் 2005 டிசம்பரில் வெளியிட்ட ஒப்பீட்டைச் சொல்கிறீர்கள். 42 அறிவியல் தலைப்புகளை நிபுணர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். சராசரியாக ஒரு கட்டுரைக்கு விக்கிப்பீடியாவில் நாலு பிழை, பிரிட்டானிக்காவில் மூன்று. பெரிய பிழைகள் இரண்டிலும் நான்கு நான்கு. அடுத்த வருடம் பிரிட்டானிக்கா இதைக் கடுமையாக மறுத்தது, ‘நேச்சர்’ பின்வாங்கவில்லை. ஆனால் அது ஆங்கிலம், அறிவியல், அதுவும் 42 தலைப்பு. அதை வைத்துக்கொண்டு ஒரு சிற்றரசரைப் பற்றியோ உங்கள் தெருவில் பிறந்த நடிகரைப் பற்றியோ இருக்கிற பக்கத்துக்கு நற்சான்று கொடுக்க முடியாது. நம்பிக்கையைத் தளத்துக்கு மொத்தமாகக் கொடுக்காதீர்கள். பக்கம் பக்கமாகத்தான் கொடுக்க வேண்டும்.

பேசாமல் நிபுணர்களை வைத்தே எழுதியிருக்கலாமே? – ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர்

முதலில் அதைத்தான் செய்தார்கள், ஐயா. 2000-ல் ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் தொடங்கியது நியூபீடியா. அறிஞர்கள் எழுதுவார்கள், ஏழு கட்ட மதிப்பாய்வு நடக்கும், அப்புறம்தான் வெளியீடு. மூடும்போது அத்தனை கட்டமும் தாண்டி வந்திருந்தவை சுமார் இரண்டு டசன் கட்டுரைகள். அதற்குத் துணையாக 2001 ஜனவரி 15 அன்று தொடங்கியதுதான் விக்கிப்பீடியா. அந்த வருடம் முடிவதற்குள் சுமார் 20,000 கட்டுரைகள் சேர்ந்துவிட்டன. பின்னால் சாங்கர் தனியாகப் பிரிந்து போய், சொந்தப் பெயரில் மட்டும் எழுத வேண்டும், நிபுணர்கள் மேற்பார்ப்பார்கள் என்ற விதிகளோடு சிட்டிசன்டியம் என்று ஒன்றைத் தொடங்கினார். அது வளரவில்லை.

நிபுணர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கும் நல்ல மருத்துவக் கட்டுரைகளுக்குப் பின்னால் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே பட்டம் பேசாது, அடிக்குறிப்புதான் பேசும். நாற்பது வருடம் பாடம் நடத்தியவருக்கு, முகம் தெரியாத ஒருவர் வந்து ‘ஆதாரம் கொடுங்கள்’ என்று கேட்பது சங்கடமாகத்தான் இருக்கும். உங்களைப் போன்றவர்கள் அந்தச் சங்கடத்தைப் பொறுத்துக்கொண்டு வர வேண்டும் என்பது என் ஆசை.

லட்சக்கணக்கான பேர் பார்க்கிற இடத்தில் ஒரு பொய் எப்படி மாதக்கணக்கில் நிற்கிறது? – ஒரு வாசகி

இந்தக் கேள்விக்காகத்தான் இந்த இதழே. லட்சக்கணக்கான பேர் பார்ப்பது தளத்தை. ஒவ்வொரு பக்கத்தையும் அத்தனை பேர் பார்ப்பதில்லை. ஒரு பக்கத்தைக் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டால், அதில் நடக்கும் மாற்றங்கள் நமக்குத் தெரியவரும். பிரபலமானவரின் பக்கத்தை ஆயிரம் பேர் அப்படித் தங்கள் பட்டியலில் வைத்திருப்பார்கள். அங்கே ஒரு காற்புள்ளி நகர்ந்தாலும் தெரிந்துவிடும். யாரும் பட்டியலில் சேர்க்காத பக்கங்களும் ஏராளம். பொய் அங்கேதான் குடியேறுகிறது.

2005 மே மாதம், ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரின் பக்கத்தில், அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி, அவர் தம்பி ராபர்ட் கென்னடி ஆகியோரின் கொலையில் அவருக்குத் தொடர்பு இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது என்று யாரோ எழுதிவிட்டார்கள். அவரோ ராபர்ட் கென்னடியிடம் வேலை பார்த்தவர். நாலு மாதத்துக்கு மேல் அந்த வரி அப்படியே நின்றது. அவர் நாளிதழில் கட்டுரை எழுதிக் குமுறிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. கணக்கு இல்லாதவர்கள் புதுக் கட்டுரை தொடங்க முடியாது என்று ஆங்கில விக்கிப்பீடியா விதி போட்டது அதற்கு அப்புறம்தான். உயிரோடு இருப்பவரைப் பற்றி ஆதாரம் இல்லாத அவதூறு இருந்தால், விவாதம் எதுவும் இல்லாமல் உடனே எடுக்கலாம் என்ற விதியும் வந்தது. விதி நல்ல விதிதான். ஆனால் எடுப்பதற்கு முதலில் யாராவது பார்க்க வேண்டும்.

அதையும்விட என்னை உலுக்கியது சீன மொழி விக்கிப்பீடியாவில் நடந்தது. ஒரே பயனர் சுமார் பத்து வருடம், இடைக்கால ரஷ்ய வரலாறு பற்றி இருநூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதினார் அல்லது மாற்றினார். காஷின் என்ற இடத்தில் ஒரு பெரிய வெள்ளிச் சுரங்கம், அதற்காக நடந்த போர்கள், அரசர்கள், தளபதிகள் என்று விரிவாக எழுதினார். அப்படி ஒரு சுரங்கமே கிடையாது. ரஷ்யாவில் படித்து முனைவர் பட்டம் வாங்கியவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டிருந்தார். சக பயனர்கள் பாராட்டிப் பதக்கமும் கொடுத்தார்கள். 2022-ல் ஒரு சீன நாவலாசிரியர், தன் கதைக்குத் தகவல் தேடிப் போய் அந்தச் சுரங்கத்தைப் பற்றி ரஷ்ய மூலங்களில் பார்த்தார். எதிலும் இல்லை. ஒரு நூலை இழுத்ததும் முழுத் துணியும் பிரிந்து வந்தது. எழுதியவர் பட்டம் எதுவும் இல்லாத ஓர் இல்லத்தரசி. ரஷ்ய மொழியும் தெரியாது. புரியாத இடங்களைக் கற்பனையால் நிரப்பத் தொடங்கி, ஒரு பொய்யைக் காப்பாற்ற அடுத்த பொய் என்று வளர்ந்துவிட்டதாக மன்னிப்புக் கடிதத்தில் எழுதினார்.

அவருடைய கட்டுரைகளில் அடிக்குறிப்பு இல்லாமல் இல்லை. நிறையவே இருந்தது. உண்மையில் இருக்கிற நூல்களின் பெயர்களே இருந்தன; அந்த நூல்களில் அந்தத் தகவல்தான் இல்லை. பத்து வருடமாக ஒருவரும் நூலைத் திறக்கவில்லை. பிழை திருத்துகிறவளாக இதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. மேலே குட்டியாக ஓர் எண் தெரிந்தால் ‘ஆதாரம் இருக்கிறது’ என்று நம் கண் தாண்டிப் போய்விடுகிறது. அந்த எண்ணை அழுத்தி, நூலைத் தேடி, பக்கத்தைப் பார்க்கிறவர் இல்லாவிட்டால் அந்த எண் வெறும் அலங்காரம்தான்.

விக்கிப்பீடியாவில் ஒரு தகவல் சந்தேகமாக இருந்தது. தேடினால் செய்தித்தாளிலும் அதுவே இருக்கிறது. அப்புறம் நம்பலாம்தானே? – ஒரு மாணவர்

எது முந்தியது என்று பாருங்கள், தம்பி. கோவாட்டி என்று தென் அமெரிக்காவில் ஒரு விலங்கு. 2008-ல் ஓர் அமெரிக்க மாணவர் விளையாட்டாக, அதற்கு ‘பிரேசில் ஆர்ட்வார்க்’ என்றும் பெயர் உண்டு என்று அந்தப் பக்கத்தில் சேர்த்துவிட்டார். செய்தித்தாள்கள் அதை எடுத்துப் போட்டன, ஒரு நூலிலும் ஏறியது. பிறகு அந்தச் செய்தியே விக்கிப்பீடியா வரிக்கு ஆதாரமாக வந்து உட்கார்ந்தது. அது 2014-ல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. வரலாற்றுப் பக்கத்தில் அந்த வரி நுழைந்த தேதியைக் கண்டுபிடியுங்கள். நீங்கள் பார்த்த செய்தி அதற்குப் பிறகு வந்ததென்றால், அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் தந்தை வாழ்நாள் முழுக்கத் தமிழுக்கு உழைத்தவர். அவரைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை ‘குறிப்பிடத்தக்கமை இல்லை’ என்று நீக்கிவிட்டார்கள். உள்ளம் எரிகிறது. – ஒரு மகள்

எரியத்தான் செய்யும். அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொற்றொடரைப் பார்க்க எந்த மகளால் முடியும்? அவர்கள் அளந்தது உங்கள் அப்பாவின் உழைப்பை இல்லை. அவருக்குச் சம்பந்தமில்லாதவர்கள் அவரைப் பற்றி அச்சில் விரிவாக எழுதியிருக்கிறார்களா என்பதை மட்டும்தான் பார்க்கிறார்கள். தன்னைப் பற்றியோ குடும்பத்தாரைப் பற்றியோ எழுத வேண்டாம் என்பதும் அங்கே பழைய அறிவுரை. சான்று இல்லாமல் எல்லாரையும் அனுமதித்தால், நான் மேலே சொன்ன வெள்ளிச் சுரங்கம் போல நூறு சுரங்கம் முளைக்கும். அமெரிக்க நாவலாசிரியர் ஃபிலிப் ராத்துக்கே இது நடந்தது. தன் நாவலின் ஒரு பாத்திரம் யாரை வைத்து உருவானது என்று 2012-ல் அவர் திருத்தம் சொன்னபோது, வேறு சான்றும் வேண்டும் என்றார்கள். அவர் ‘நியூ யார்க்கர்’ இதழின் தளத்தில் பகிரங்கக் கடிதம் எழுதினார். அப்புறம் அதுவே சான்று ஆனது.

ஆனாலும் அந்த விதியில் ஒரு கொடுமை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். டோனா ஸ்ட்ரிக்லாண்ட் என்ற இயற்பியலாளரைப் பற்றிய வரைவை 2018 மே மாதம் போதிய சான்று இல்லை என்று நிராகரித்தார்கள். அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு. இயற்பியலில் அதைப் பெற்ற மூன்றாவது பெண் அவர். பரிசு அறிவிக்கும்வரை அவருக்கு ஒரு பக்கம் இல்லை. பத்திரிகைகள் யாரைப் பற்றி எழுதாமல் விட்டனவோ அவர்களை விக்கிப்பீடியாவும் விட்டுவிடுகிறது. தொகுப்பவர்களில் பெண்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜெஸ் வேட், இதைச் சகிக்க முடியாமல், உட்கார்ந்து பெண் விஞ்ஞானிகளைப் பற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை எழுதியிருக்கிறார். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அப்பாவைப் பற்றி வந்த மதிப்புரைகள், நினைவு மலர்கள், மற்றவர் எழுதிய நூல்களில் வரும் பகுதிகள் எல்லாவற்றையும் இதழ் பெயர், தேதி, பக்க எண்ணோடு பட்டியல் போடுங்கள். ‘நான் அவருடைய மகள்’ என்று வெளிப்படையாகச் சொல்லி, கட்டுரையைப் பற்றிப் பேசுவதற்கென்று இருக்கும் உரையாடல் பக்கத்தில் வையுங்கள். எழுதுவதை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள். நீக்கியவர் இன்னும் கனிவாகப் பேசியிருக்கலாம். புதிதாக வருகிறவரிடம் விதி எண்ணை மட்டும் வீசிவிட்டுப் போகும் பழக்கம் பல நல்லவர்களைத் துரத்தியிருக்கிறது.

காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறார்களாமே? – ஒரு வாசகர்

எழுதுகிறார்கள். யார் காசு கொடுக்கிறார்கள் என்று அறிவித்தே ஆக வேண்டும் என்று 2014 முதல் விதி இருக்கிறது. அறிவிக்காமல் செய்பவர்களும் உண்டு. 2015-ல் ஒரே கும்பலின் 381 கணக்குகளை ஆங்கில விக்கிப்பீடியாவில் முடக்கினார்கள். கட்டுரை நிராகரிக்கப்பட்டவர்களைத் தேடிப் போய், பணம் கொடுத்தால் ஏற்றித் தருகிறோம், காப்பாற்றித் தருகிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். அந்த மகளைப் போன்றவர்கள்தான் இவர்களுக்கு இரை. யாராவது அப்படி வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எண்ணிக்கை குறைவு என்பதுதானே நம் பிரச்சினை? – ஒரு வாசகர்

2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்டது. ஊதியம் இல்லாமல் இதைச் செய்தவர்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. எண்ணிக்கை பற்றி எனக்குக் கவலை இல்லை. பிலிப்பைன்ஸில் பேசப்படும் செபுவானோ மொழியின் விக்கிப்பீடியாவில் அறுபது லட்சம் கட்டுரைகளுக்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலானவற்றை ஒரு தானியங்கி எழுதியது. அதனால் அந்த மொழி பேசுகிறவர்களுக்கு எவ்வளவு கிடைத்திருக்கும்?

என் கவலை கண்களைப் பற்றியது. ஸ்காட்லாந்தில் பேசப்படும் ஸ்காட்ஸ் மொழியின் விக்கிப்பீடியாவில், அந்த மொழியே சரியாகத் தெரியாத ஓர் அமெரிக்கச் சிறுவன் ஆயிரக்கணக்கான கட்டுரைகளைப் பல வருடம் எழுதிக்கொண்டே போனான். 2020-ல்தான் அது வெளியே தெரிந்தது. அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தட்டிக் கேட்க அங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான். குரோவாசிய விக்கிப்பீடியாவில் நடந்தது வேறு. பக்கங்களை நீக்கவும் பயனர்களைத் தடுக்கவும் முடிகிற நிர்வாக அதிகாரத்தை ஒரு சிறு குழு கையில் வைத்துக்கொண்டு, பல வருடம் வரலாற்றைத் தங்கள் பக்கம் சாய்த்து எழுதியது. எதிர்த்தவர்களைத் தடை செய்தது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2021-ல் வெளியிட்ட அறிக்கையில் இதை விரிவாகப் பார்க்கலாம்.

ஆகவே போட்டி வைத்துக் கட்டுரை குவிப்பதைவிட, இருக்கிற கட்டுரையைச் சரிபார்ப்பதற்குப் போட்டி வைக்கலாம் என்பது என் கட்சி. ‘ஆலமரத்தடி’ என்று பொதுப் பேச்சுக்கு அங்கே ஒரு பக்கம் இருக்கிறது. கட்டுரை எழுத நேரமில்லாதவர்கள்கூட அங்கே வந்து, இந்த இந்தப் பக்கத்தில் இந்தத் தவறு என்று சொன்னாலே பெரிய உதவி.

இனி செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் போதுமே, விக்கிப்பீடியா எதற்கு? – ஓர் இளைஞர்

அந்தச் செயலிகளைப் பழக்கிய எழுத்துகளில் விக்கிப்பீடியாவும் அடக்கம், தம்பி. உங்களுக்குக் கிடைக்கும் பதிலில் ஒரு தவறு இருந்தால், அதை யார் எப்போது எழுதினார், எந்த நூலிலிருந்து எடுத்தார் என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க உங்களுக்கு ஒரு வரலாற்றுப் பக்கம் இல்லை. நீங்கள் திருத்தினாலும் அடுத்தவருக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேராது. எனக்கு இன்னொரு பயமும் உண்டு. ஒரு பக்கத்தைப் படிக்க வந்து, ஒரு பிழையைப் பார்த்து, ‘தொகு’ என்பதை அழுத்தித்தான் பெரும்பாலோர் உள்ளே வந்தோம். பக்கத்துக்கே வராதவர் எப்படித் தொகுப்பாளர் ஆவார்? போதாக்குறைக்கு, அந்தச் செயலிகள் இல்லாத நூல்களை அடிக்குறிப்பாகப் போட்டு எழுதித் தருவதை அப்படியே ஏற்றுகிறார்கள். அப்படிச் சரிபார்க்காமல் ஏற்றியது தெரிந்தால் உடனே நீக்கலாம் என்று ஆங்கில விக்கிப்பீடியா 2025-ல் விதி கொண்டுவந்திருக்கிறது. நல்ல முடிவு.

நான் பணி ஓய்வு பெற்ற பொறியாளர். வீட்டில் நிறைய நூல்கள் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்கட்டும், அம்மா? – ஒரு வாசகர்

புதுக் கட்டுரையிலிருந்து தொடங்காதீர்கள். கணக்கு ஒன்று தொடங்குங்கள்; சொந்தப் பெயர் தேவையில்லை. உங்கள் துறையில் யாரும் அதிகம் சீண்டாத ஒரு கட்டுரையைத் திறந்து, ‘சான்று தேவை’ என்று ஒட்டியிருக்கும் வரியைத் தேடுங்கள். அலமாரியிலிருந்து உரிய நூலை எடுத்து, அந்த வரி சரிதானா என்று பாருங்கள். சரி என்றால் சான்றைச் சேருங்கள். தவறு என்றால் திருத்திவிட்டு, ஏன் திருத்தினீர்கள் என்று குறிப்பு எழுதுங்கள். அந்தப் பக்கத்தைக் கவனிப்புப் பட்டியலில் போட்டுவிடுங்கள். உங்கள் மாற்றத்தை யாராவது நீக்கிப் பழையபடி ஆக்கிவிட்டால், மறுபடி மாற்றிச் சண்டைக்குப் போகாமல் உரையாடல் பக்கத்துக்குப் போங்கள். சான்று கொடுக்கும்போது ஆசிரியர், நூல், பதிப்பு, ஆண்டு இவற்றோடு பக்க எண்ணும் இருக்கட்டும். நூல் பெயர் மட்டும் போட்டுவிட்டால், பின்னால் சரிபார்க்க வருகிறவர் அறுநூறு பக்கத்தையும் புரட்ட வேண்டியிருக்கும்.